போட்டோவில் விழாத எதையும் கொடுக்காதீர்கள்

"சம்பளத்தை ஏத்தாம ஆளுங்களைச் சந்தோஷமா வெச்சிக்க ஏதாவது வழி இருக்கா சார்?" தாம்பரம் பக்கம் சின்னதாகக் கம்பெனி நடத்துகிறவர்கள் என்னைக் கண்டால் கேட்கிற கேள்வி இது. நான் எம்.பி.ஏ. படித்தவன் இல்லை. சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரத்தில் இருக்கும் மெப்ஸில், ஒரு எக்ஸ்போர்ட் கார்மென்ட்ஸ் கம்பெனியின் டைம் ஆபீஸில் 28 வருடம் உட்கார்ந்து எழுந்தவன். கார்டு பஞ்ச் பண்ணிய காலத்திலிருந்து விரல் ரேகை வைக்கிற காலம்வரை யார் எத்தனை நிமிஷம் லேட் என்று பார்த்தே தலை வழுக்கையானவன். ஆனால் கம்பெனி கொடுத்த ஒவ்வொரு பரிசும் என் ஜன்னல் வழியாகத்தான் வெளியே போனது. லெட்ஜரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தவன் நான். கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

விதி ஒன்றே ஒன்று. போட்டோவில் விழாத எதையும் கொடுக்காதீர்கள்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. நம்மிடம் இரண்டாயிரம் வருஷமாக இருக்கிற பழக்கம். மயில் குளிரில் நடுங்குகிறது என்று போர்வையைப் போர்த்திவிட்ட பேகனையும், முல்லைக்கொடி படர இடமில்லாமல் தவிக்கிறது என்று தேரை அங்கேயே விட்டுவிட்டு வந்த பாரியையும் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். மயிலை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "ஐயா, நான் ஆடிக்கொண்டிருந்தேன்" என்று சொல்லியிருக்கும். முல்லைக்கு ஒரு மூங்கில் குச்சி போதும், இரண்டு சணல் முடிச்சும். ஆனால் குச்சி நட்ட ராஜாவை எந்தப் புலவர் பாடுவார்? தேர் என்றால்தான் கண்ணுக்கு நிறைவாக நிற்கும். அதே வள்ளல்கள் பட்டியலில் அதியமானும் இருக்கிறார். கிடைத்த ஒரே ஒரு நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தவர். மனசுக்கு நல்லதுதான், ஆனால் கோலிக்குண்டு அளவு பச்சையாக ஒரு காய், அதுவும் உள்ளங்கைக்குள். எந்த போட்டோகிராபரும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

இப்போது விழாவுக்கு வருவோம். 'சிறந்த ஊழியர்' விழாவைச் சாப்பாட்டு இடைவேளையில் வைக்க வேண்டும், உற்பத்தி நேரத்தில் வைக்கக் கூடாது. ஃபிளெக்ஸ் பேனரில் வருடம் போடாதீர்கள். போட்டால் அடுத்த வருடம் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிவரும். எங்கள் கம்பெனியில் ஒரு பேனர் நான்கு ஸ்டிக்கர் கனத்தில் தொங்கியது. பொன்னாடை போர்த்துகிறவர் எக்காரணம் கொண்டும் போர்த்திக்கொள்கிறவரைப் பார்க்கக் கூடாது. இருவரும் கேமராவைப் பார்க்க வேண்டும். போர்த்தி முடித்ததும் "இன்னொருதரம் சார்" என்று போட்டோகிராபர் சொல்வார். எடுத்துவிட்டு மறுபடி போர்த்துங்கள். கேடயம் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக்காக இருக்கட்டும், கீழே விழுந்தாலும் உடையாது.

எங்கள் லைனில் காலர் வைக்கிற ஒரு அக்கா இருந்தார். மண்ணிவாக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருவார். ஒரு வருடம் அவர்தான் சிறந்த டெய்லர். ஜி.எம். சிவப்பில் ஜரிகை போட்ட பொன்னாடை போர்த்தினார், எல்லோரும் கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். பத்து நிமிஷம் கழித்து என் ஜன்னலில் வந்து நின்றார்.

"சார், சால்வை நல்லாத்தான் இருக்கு. இதுக்குப் பதிலா நாளைக்கு ஒரு அவர் பர்மிஷன் தருவீங்களா? பொண்ணு ஸ்கூல்ல ரேங்க் கார்டு தராங்க. அம்மாவோ அப்பாவோ நேர்ல வந்து கையெழுத்து போடணுமாம்."

நான் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். மாசத்துக்கு இரண்டு பர்மிஷன். இரண்டும் முடிந்திருந்தது, ஒன்று ரேஷன் கடைக்கு, ஒன்று மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக. "ரெண்டுதாம்மா. சிஸ்டம் ஏத்துக்காது." அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் கட்டையிலேயே பொன்னாடையை வைத்து, கடையில் மடித்திருந்த அதே மடிப்பில் நான்காக மடித்து, கவருக்குள் சொருகி எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் சாயங்காலம் லைனைச் சுற்றி வந்தபோது பார்த்தேன். அவருடைய ஜுக்கி மெஷினுக்கு மேல் தூசி விழாமல் அந்தப் பொன்னாடை போர்த்தியிருந்தது. பேகன் மயிலுக்குக் கொடுத்ததைவிட இது உருப்படியான உபயோகம் என்றுதான் எனக்குப் பட்டது. நமக்கு வேண்டிய போட்டோ நோட்டீஸ் போர்டில் ஏறிவிட்டதால் கவலையில்லை.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கமான வேலை. கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்வதை எடுத்து, அதன்மேல் ரிப்பன் கட்டி, அன்பளிப்பாகக் கொடுக்க வேண்டும். இதில் பைசா செலவில்லை, பெயர் மட்டும் மாறும். போனஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965 போனஸ் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம் என்றது, அதிகபட்சம் 20. அது என்ன 8.33 என்று புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் என்னைக் கேட்டான். நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பார் என்றேன். ஒரு மாசச் சம்பளம், அவ்வளவுதான். அதிலும் 2015 திருத்தத்துக்குப் பிறகு 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்குத்தான் உரிமை இருந்தது. கணக்குப் போடும்போது 7,000 ரூபாயோ குறைந்தபட்சக் கூலியோ, எது அதிகமோ அதை வைத்துத்தான் போட்டோம். 18,000 வாங்குகிறவர் 18,000 வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டு வருவார். அவருக்கு இதை விளக்குகிற வேலையை டைம் ஆபீஸுக்குத் தள்ளிவிடுங்கள். நீங்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் கவர் வைத்து, "இந்த வருஷம் கஷ்டமான வருஷம், இருந்தாலும் முதலாளி மனசு கேக்கல" என்று ஆரம்பியுங்கள். எனக்கு நினைவு தெரிந்து கஷ்டமில்லாத வருஷம் ஒன்றுகூட வந்ததில்லை.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். என் சர்வீஸ் முழுக்க 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம்தான். 250 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் கோடைக்காலத்தில் குளிர்ந்த குடிநீர் வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. எங்களிடம் கூலர் வந்தபோது ரிப்பன் வெட்டினோம். "ஊழியர் நலத் திட்டம்" என்று தகடு அடித்து ஒட்டினோம். 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அதே சட்டம். அந்த அறையும் எங்களிடம் இருந்தது. சுவரில் மிக்கி மவுஸ், தொட்டில் இரண்டு, தரையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பாய். குழந்தைகளைத் தவிர எல்லாம் இருந்தன, குறிப்பாகப் பழைய பட்டன் பெட்டிகள். இன்ஸ்பெக்ஷன் அன்று பெட்டிகளை வெளியே எடுத்துவிட்டு செக்யூரிட்டியின் பேரனைக் கொண்டுவந்து உட்கார வைப்போம். நல்ல பையன், பிஸ்கட் கொடுத்தால் அழ மாட்டான்.

தீபாவளிக்கு ஹாட்பேக். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ், கூடவே கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய ஹாட்பேக். மூடி கழன்று வராததாகப் பார்த்து வாங்குங்கள், மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம். நிறம் மட்டும் கலந்து வாங்குங்கள். அன்று சாயங்காலம் சானடோரியம் பிளாட்பாரத்தில் நின்றீர்களென்றால் தெரியும், ஆயிரம் பெண்கள் கையில் ஆயிரம் ஹாட்பேக். செங்கல்பட்டு யூனிட் வருவதற்குள் சிவப்பைக் கொடுத்து நீலம் வாங்குவதும், நீலத்தைக் கொடுத்துப் பச்சை வாங்குவதுமாக லேடீஸ் கம்பார்ட்மென்ட் ஏறுகிற இடத்தில் ஒரு சந்தையே நடக்கும். அது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் குறைந்ததில்லை. பத்து வருடம் சர்வீஸ் போட்ட வீட்டில் ஏழெட்டு ஹாட்பேக் சேர்ந்துவிடும். அவை எங்கே போகும் என்பது எங்கள் ஜி.எம். மகள் கல்யாணத்தில்தான் தெரிந்தது. பரிசு பிரித்தபோது எங்கள் கம்பெனி ஸ்டிக்கரோடு பதினொன்று திரும்பி வந்திருந்தன.

கொஞ்சம் வசதியுள்ளவர்கள் கார் கொடுக்கலாம். 2022 ஏப்ரல் ஞாபகம் இருக்கிறதா? ஒரே மாதத்தில் சென்னையில் இரண்டு மென்பொருள் கம்பெனிகள். கிஸ்ஃப்ளோ ஐந்து மூத்த அதிகாரிகளுக்கு ஐந்து பி.எம்.டபிள்யூ. கொடுத்தது. ஐடியாஸ்டூஐடி நூறு பேருக்கு நூறு மாருதி கார் கொடுத்தது. அந்த வருடத் தீபாவளிக்கு சல்லானி நகைக்கடை எட்டு காரும் பதினெட்டு பைக்கும் கொடுத்தது. ஐடியாஸ்டூஐடி கொடுத்தது பத்து வருடத்துக்கு மேல் கூடவே இருந்தவர்களுக்கு. குறை சொல்ல எனக்கு வாயில்லை. வரிசையாக நிறுத்திய நூறு காரைவிட நல்ல போட்டோ இந்த ஊரில் யாரும் எடுத்ததில்லை. அதற்கு முந்தைய வருடம் செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டபோது 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று செய்தி வந்தது. அது பங்கு, காகிதம்கூட இல்லை, கம்ப்யூட்டரில் ஒரு எண். என் விதிப்படி அது தோற்றிருக்க வேண்டியது. மணி அடித்து போட்டோ எடுத்துத் தப்பித்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் பேப்பரில் பார்த்த பம்மல் பக்கத்து முதலாளி ஒருவர் தானும் ஒரு ஸ்கூட்டர் கொடுத்தார். ஒன்றே ஒன்று, சூப்பர்வைசருக்கு. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி சாவியைக் கொடுத்தார். முன்பணம்தான் கம்பெனி கட்டியிருக்கிறது, மாதத் தவணை சம்பளத்தில் பிடிக்கப்படும் என்பது அடுத்த மாச ஸ்லிப்பில் தெரிந்தது. "ரெண்டு வருஷம் வேலையை விட்டுப் போகமாட்டான் பாருங்க" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

சிரிக்காதீர்கள், உலகப் புகழ்பெற்ற வெகுமதியின் உள்கதையும் கிட்டத்தட்ட இதுதான். மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஃபோர்டு ஆலை இருந்ததே, 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து 2022-இல் கடைசி காரை வெளியே விட்டார்கள். அந்த ஃபோர்டின் பாட்டன் ஹென்றி ஃபோர்டு 1914 ஜனவரியில் ஒரு நாளைக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார். அதுவரை 2 டாலர் 34 சென்ட். கூடவே ஒன்பது மணி நேர வேலையை எட்டாகக் குறைத்தார். தர்மம் என்று நினைக்க வேண்டாம். முந்தைய வருடம் அவருடைய ஆலையில் ஆள் மாறுகிற விகிதம் 370 சதவீதம், அதாவது ஒரு நாற்காலிக்கு வருடத்தில் மூன்று நான்கு பேர். அந்த ஐந்து டாலரில் பாதிக்குக் கிட்ட சம்பளம் இல்லை, லாபப் பங்கு. அது வேண்டுமென்றால் கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து பார்ப்பார். வீடு சுத்தமாக இருக்கிறதா, குடிக்கிறாரா, சேமிக்கிறாரா என்று குறித்துக்கொண்டு போவார். இதற்கென்றே ஒரு துறை வைத்திருந்தார் ஃபோர்டு. இன்றைக்கு அந்தச் செலவும் இல்லை. ஊழியரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தால் போதும்.

இனி, கொடுக்கவே கூடாதவை. முதலில் நாற்காலி. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஜவுளிக் கடைகளுக்குத் தீபாவளி சமயத்தில் போயிருப்பீர்கள். புடவையை விரித்துக் காட்டுகிற பெண்களின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள், பாதத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள், கவுன்ட்டர் மறைக்கும். காலையில் நின்றால் ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்பது என்பது நம் ஊர் வழக்கம். கேரளத்துக் கடைகளில் வேலை செய்த பெண்கள் உட்காருவதற்கென்றே வருடக்கணக்காகப் போராடி 2018-இல் சட்டம் வாங்கினார்கள். தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்றாக்கினார்கள். யோசித்துப் பாருங்கள், உட்காருவதற்கு ஒரு சட்டம். நீங்கள் பதற வேண்டாம். ஸ்டூல் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். அதன்மேல் புடவைக் கட்டை அடுக்கிவிடுங்கள். யாராவது கட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தால், "கஸ்டமர் வர்றாங்கம்மா" என்று பொதுவாக ஒரு குரல் கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஊழியரை போட்டோ எடுத்தால் சோம்பேறி மாதிரி விழும். அதனால்தான் சொல்கிறேன்.

தூக்கமும் கூடாது. மோசிகீரனார் என்ற புலவர் களைத்துப்போய் சேர அரசனுடைய முரசு கட்டிலிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். முரசு வைக்கிற புனிதமான கட்டில், அதில் படுத்தால் வாளால் வெட்டுவது வழக்கம். பெருஞ்சேரல் இரும்பொறை வந்து பார்த்தான், வெட்டவில்லை, பக்கத்தில் நின்று விசிறினான். எழுப்பக்கூட இல்லை. தமிழில் இதைவிடப் பெரிய வெகுமதியை நான் கேட்டதில்லை. எங்கள் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் கட்டிங் டேபிளுக்கு அடியில் துணி மூட்டையில் சாய்ந்து கண்ணசந்த ஒரு பையனுக்கு மெமோ டைப் அடித்தது நான்தான். மூன்று காப்பி எடுத்தேன், ஒன்று ஃபைலுக்கு.

லீவு இருக்கிறதே, அதைப்போல ஆபத்தான பரிசு வேறில்லை. காலி மெஷினை எப்படி போட்டோ எடுப்பது? 2016 ஜூலை 22 கபாலி வெளியானபோது சென்னையில் ஒரு கம்பெனி அன்றைக்கு விடுமுறை விட்டு டிக்கெட்டும் கொடுத்தது. எல்லோரும் லீவு கேட்டு வந்து நிற்பார்கள், அதைத் தவிர்க்கத்தான் என்று அறிவிப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். நான் பார்த்த நிர்வாகக் கடிதங்களில் அதுதான் நேர்மையானது. ஆனாலும் அதை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டால் பழக்கமாகிவிடும். நேரம் என்பதைக் கொடுக்கப் பழகினால் எங்கே போய் நிற்கும் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் வாடியாவும் திரு.வி.க.வும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தார்களே, மில் தொழிலாளர்களின் அன்றைய குறைகளில் ஒன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதவில்லை என்பது. முதலிலேயே பத்து நிமிஷம் விட்டுக்கொடுத்திருந்தால் என்று இப்போது சிலர் எழுதுவார்கள். நான் எழுதமாட்டேன், எனக்கு பென்ஷன் வரவேண்டும்.

தீபாவளி லீவை அறிவிக்கிற முறை தனிக் கலை. எங்கள் லைனில் பாதிப் பேர் திண்டிவனம், விழுப்புரம், திருநெல்வேலி. ரயிலில் முன்பதிவு 120 நாள் முன்னால் என்று இருந்ததை 2024 நவம்பரிலிருந்து 60 நாளாக்கிவிட்டார்கள். அந்த 60-ஆம் நாள் காலை எட்டு மணிக்குத் திறந்து, எட்டு ஐந்துக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடும். ஆகவே தொழிலாளிக்கு வேண்டியது ஒரே ஒரு தாள்தான். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை லீவு என்று இரண்டு மாதம் முன்னால் எழுதி ஒட்டிய ஒரு தாள். ஒரு ஏ-4, ஒரு செல்லோடேப். இதைவிட மலிவான வெகுமதி உலகத்தில் கிடையாது, அதனாலேயே யாரும் கொடுப்பதில்லை. ஷிப்மென்ட் முடியட்டும், பையர் மெயில் வரட்டும் என்று இழுத்து, தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது பெரிய எழுத்தில் "இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்" என்று போட்டுக் கீழே சின்னதாகத் தேதி போடுங்கள். முன்பெல்லாம் பெருங்களத்தூரில் ரோட்டோரம் நின்று ஓடுகிற பஸ்ஸில் தொற்றினார்கள், 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகு கிளாம்பாக்கத்தில் நிற்கிறார்கள். நிற்பது மாறவில்லை, கூரை கிடைத்திருக்கிறது. விழுப்புரம்வரை நின்றுகொண்டே போகிற அந்தப் பஸ்ஸில், காலுக்கிடையில் பை, இடுப்பில் குழந்தை, தலைக்கு மேல் கம்பியில் ஒரு கை. மிச்சமிருக்கிற கையில் நம் ஹாட்பேக்.

விதியை மீறி ஒருதரம் எங்கள் கம்பெனியே தப்புப் பண்ணியது. அதையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் இரண்டாம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் அடையாற்றுக்குள் போய்விட்டது, படகு விட்டார்கள். கம்பெனி நாலு நாள் மூடிக் கிடந்தது. திறந்த அன்று பாதி லைன்கூட வரவில்லை. வந்தவர்கள் காலில் சேற்றுப்புண். அப்போதிருந்த பெரியவர், எங்கள் எம்.டி., என்னைக் கூப்பிட்டு மேஜை டிராயரைத் திறந்து ஒரு கட்டுப் பணத்தை எடுத்து வைத்தார்.

"யார் வீட்ல தண்ணி பூந்துச்சோ அவங்க வந்து கேக்கறதுக்கு முன்னாடி அஞ்சாயிரம் கொடுத்துடு. பத்து மாசத்துல புடிச்சிக்கலாம். வராத நாளுக்கு ஆப்சென்ட் போடாத."

"ஆதாரம் ஏதாவது வாங்கணுமா சார்?"

"காலைப் பாரு" என்றார்.

கையெழுத்து வாங்கக்கூட லெட்ஜர் இல்லை, கீழ் ஷெல்ஃப் நனைந்து ஊதிப் போயிருந்தது. ஒரு பழைய காலண்டர் பின்பக்கத்தில் பெயர் எழுதிக்கொண்டே கொடுத்தேன். போட்டோகிராபர் இல்லை, பேனர் இல்லை, பொன்னாடை இல்லை. கடன்தான், இனாமும் இல்லை. காசு போனதற்கு ஒரு அத்தாட்சியும் மிஞ்சவில்லை. அடுத்த வருடம் பக்கத்து யூனிட்டில் ஐநூறு ரூபாய் அதிகம் தருவதாக ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். எங்கள் லைனிலிருந்து மூன்று பேர்தான் போனார்கள். இது ஏன் என்று தலைமை அலுவலகத்துக்கே புரியாமல் ஒரு கன்சல்டன்டை வரவழைத்தார்கள். அவர் இரண்டு வாரம் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து, ஊழியர்களிடம் படிவம் கொடுத்து நிரப்பச் சொல்லி, செவ்வாய்க்கிழமை யோகா வகுப்புதான் காரணம் என்று அறிக்கை கொடுத்தார். அதன் பிறகு வியாழக்கிழமையும் யோகா வைத்தார்கள்.

டூர் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வாரத்தில் துணி துவைக்க அவர்களுக்கு இருக்கிற ஒரே நாள் அது, நமக்கு உற்பத்தி நஷ்டமில்லை. அந்தக் காலத்தில் கிஷ்கிந்தா கூட்டிப்போனோம், அது கட்டுப்படியாகாத வருடம் வண்டலூர் ஜூ. அங்கே நீர்யானைக்கு முன்னால் எடுத்த குரூப் போட்டோவில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. முதல் நாள் ஓ.டி. இருந்தது.

கடைசியாக விடைபெறும் விழா. கிராஜுவிட்டியைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது, ஒரு வருட சர்வீஸுக்குப் பதினைந்து நாள் சம்பளம். அதை செக்காக எழுதித்தான் ஆக வேண்டும், ஆகவே அதை மேடையில் பெரிய தெர்மாகோல் செக்காகக் கொடுங்கள். கூட ஒரு நினைவுப் பரிசு. அது அந்த ஆளின் வேலைக்குப் பொருத்தமாக இருந்தால் சிறப்பு.

எனக்குச் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். 28 வருடம் மற்றவர்கள் நேரத்தைப் பார்த்தவனுக்கு வேறென்ன கொடுப்பது என்று ஜி.எம். மைக்கில் சொன்னபோது கை தட்டல் பலமாக இருந்தது. கம்பெனி பெயர் பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் நடுவில் தங்க எழுத்தில். என்னைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துக் கொடுத்தார், நானும் கேமராவைப் பார்த்து வாங்கினேன். வழக்கம்போல இன்னொருதரம் கொடுக்கச் சொன்னார்கள். அன்று ஐந்தரைக்கு விரல் வைத்துவிட்டு வெளியே வந்து, ஆறு மணி வண்டியில் மடியில் கடிகாரத்தோடு உட்கார்ந்து போனேன். வீட்டில் வீட்டுக்காரி அட்டைப் பெட்டியைப் பிரித்து, குலுக்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, பேட்டரி போடலியே?"

செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு முனைக் கடைக்குப் போனேன்.